பிக்சலைக் கொடுத்தா வானத்துல எங்கேன்னு சொல்லுமா? ஆஸ்டாப், ஆஸ்ட்ரோமெட்ரி டாட் நெட், ஆஸ்ட்ரோபை – ஒரு மொட்டை மாடி ரிவ்யூ

நட்சத்திரப் போட்டோவைப் பாத்து அது வானத்துல எந்த இடம்னு கண்டுபிடிக்கிற 'சால்வ்' வேலைக்கும், அதுல வர்ற நம்பரை வச்சு அளக்குறதுக்கும் உதவுற மூணு சாப்ட்வேர் பத்தின ரிவ்யூ இது. முதல்லயே சொல்லிடுறேன், மூணுமே ஃப்ரீ, மூணுமே ஓப்பன் சோர்ஸ், அதனால காசுக்கு வொர்த்தாங்கிற கேள்வியே இங்க இல்ல. நம்ம நேரத்துக்கும் தூக்கத்துக்கும் வொர்த்தான்னு தான் பாக்கணும். இன்னொன்னு, யூட்யூப்ல இந்த சாப்ட்வேருக்கெல்லாம் ரிவ்யூ போடுறவங்க பெரும்பாலும் 'எவ்ளோ சீக்கிரம் சால்வ் ஆகுது'ன்னு மட்டும் தான் பாக்குறாங்க, ரெண்டு செகண்டா பத்து செகண்டான்னு ஒரே சண்டை. எனக்கு அது முக்கியமில்ல பாஸ். போட்டோவுல ஏதோ ஒரு மூலையில இருக்குற ஒரு புள்ளியைக் காட்டி இது வானத்துல எந்த ஆர்ஏ எந்த டெக்னு (பூமிக்கு தீர்க்கரேகை, அட்சரேகை மாதிரி வானத்துக்கு) கேட்டா என்ன நம்பர் சொல்லுது, அந்த நம்பர் எவ்ளோ தூரம் தப்பா இருக்கலாம்னு அதுவே சொல்லுதா இல்லையா, இதை வச்சு தான் நான் மார்க் போடுறேன்.

செட்டப் என்னன்னா, 24 மெகாபிக்சல் க்ராப் சென்சார் டிஎஸ்எல்ஆர், பிக்சல் சைஸ் 3.72 மைக்ரான், 200 எம்எம் லென்ஸ், வானம் சுத்துறதுக்கு ஈடா கேமராவைத் திருப்புற ஒரு சின்ன ட்ராக்கர், இடம் பள்ளிக்கரணை பக்கம் ஒரு அபார்ட்மெண்ட் மொட்டை மாடி. கிழக்கே ஓஎம்ஆர் வெளிச்சம், வடக்கே பாத்தா மொத்த சிட்டியும், ஏர்போர்ட்ல இறங்குற ப்ளேன் ஒவ்வொண்ணும் ஃப்ரேமுக்குள்ள ஒரு கோடு போட்டுட்டு தான் போகும், தண்ணி டேங்க் ஒரு பக்கத்தை அடைச்சுக்கும். வானம் எப்படின்னு நீங்களே கற்பனை பண்ணிக்கோங்க. ஆனா வெஸ்டா, சீரிஸ் மாதிரி கொஞ்சம் பிரகாசமான குறுங்கோள்களை இந்த வானத்துலயே போட்டோ எடுக்க முடியும், எடுத்த போட்டோவுல அது எங்க இருக்குன்னு அளக்கவும் முடியும், எனக்கு இந்த சாப்ட்வேர் எல்லாம் வேண்டியதா இருந்தது அதுக்கு தான். கேலக்ஸி படம் எடுத்து இன்ஸ்டாவுல போடுறவங்களுக்கு நடுப்புள்ளி எங்கேன்னு தெரிஞ்சா போதும், ஒரு ஆர்க்மினிட் (ஒரு டிகிரியில 60ல ஒரு பங்கு) தப்பானாலும் யாரும் கேக்க மாட்டாங்க.

கணக்கு ஒண்ணை சொல்லிட்டு போயிடுறேன், இல்லன்னா கீழ சொல்றது புரியாது. 206.265ஐ பிக்சல் சைஸால பெருக்கி ஃபோகல் லெங்த்தால வகுத்தா ஒரு பிக்சல் வானத்துல எத்தனை ஆர்க்செகண்ட்னு (ஆர்க்மினிட்ல 60ல ஒரு பங்கு) வரும், என் செட்டப்புக்கு 3.84. மொத்த ஃப்ரேம் அகலம் சுமார் 6.4 டிகிரி, உயரம் 4.3 டிகிரி. சரி, அப்போ நடுப்புள்ளியோட ஆர்ஏ டெக் தெரிஞ்சா மத்ததெல்லாம் 3.84ஆல பெருக்கி கூட்டிக்கலாமேன்னு தோணும். முடியாது. முதல் காரணம், ஆர்ஏ கோடுகள் துருவத்தை நோக்கி போகப்போக நெருங்கிட்டே போகுது, டெக் 60ல ஒரு டிகிரி ஆர்ஏங்கிறது வானத்துல அரை டிகிரி தான். ரெண்டாவது, வானம் வளைஞ்சது, சென்சார் தட்டை. லென்ஸ் அந்த வளைவை தட்டையில விரிக்கும்போது டேன்ஜெண்ட் கணக்குல விரிக்குது, அதனால மையத்துல இருந்து தள்ளிப் போகப்போக கொஞ்சம் கொஞ்சமா இழுபடும். என் ஃப்ரேமோட மூலை மையத்துல இருந்து 3.8 டிகிரி, அங்க மட்டும் இந்த இழுப்பு 20 ஆர்க்செகண்ட், அதாவது அஞ்சு பிக்சல் தப்பு. லென்ஸோட சொந்தக் கோணல் இதுல சேரல, அது தனி.

இதுக்கு தான் ஃபிட்ஸ்ங்கிற வானியல் பட ஃபைலோட ஹெட்டர்ல (படத்தோட சேர்ந்து வர்ற குறிப்பு) டபிள்யூசிஎஸ்னு ஒரு ஏற்பாடு, பிக்சலை வான இடமா மாத்துற முறை, 2002ல கிரைசன், காலபிரட்டா ரெண்டு பேரும் எழுதுன பேப்பர்ல இருந்து இன்னைக்கு வரைக்கும் எல்லாரும் அதையே தான் ஃபாலோ பண்றாங்க. சிஆர்பிக்ஸ் எந்த பிக்சல் ஆதாரம்னு சொல்லும், சிஆர்வேல் அந்த பிக்சலோட ஆர்ஏ டெக் என்னன்னு சொல்லும், நடுவுல சிடி மேட்ரிக்ஸ்னு நாலு நம்பர். அந்த நாலுக்குள்ளயே ஸ்கேல், கேமரா எவ்ளோ திரும்பி இருக்கு, படம் கண்ணாடியில பாத்த மாதிரி புரண்டு இருக்கா எல்லாம் அடங்கிடும். பிக்சல்ல இருந்து சிஆர்பிக்ஸைக் கழி, சிடியால பெருக்கு, வர்றது ஒரு தட்டையான தாள்ல டிகிரி கணக்கு, அந்தத் தாளை திரும்ப கோளத்து மேல ஒட்டு, ஆர்ஏ டெக் ரெடி. ப்ளேட் சால்விங்னு எல்லாரும் சொல்றது இந்த நம்பர்களை கண்டுபிடிக்கிற வேலையைத் தான், வேற மந்திரம் எதுவும் இல்ல.

ஆஸ்டாப்ல இருந்து ஆரம்பிக்கிறேன். ஹான் க்ளைன்னு ஒருத்தர் பாஸ்கல்ல எழுதி மெயின்டெயின் பண்றார், ஆமா பாஸ்கல் தான், நம்ம காலேஜ் லேப்ல பாத்துட்டு மறந்து போன அதே பாஸ்கல். விண்டோஸ், மேக், லினக்ஸ், ராஸ்பெர்ரி பை எல்லாத்துலயும் ஓடும், ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்ட்ல வாங்குன பழைய லேப்டாப்லயும் அலட்டாம ஓடுது. நட்சத்திர டேட்டாபேஸ் தனியா இறக்கணும், என் ஃபீல்டுக்கு டி05 போதும், டெலஸ்கோப் வச்சு குட்டி ஃபீல்ட் எடுக்குறவங்க டி50, டி80 பக்கம் போகணும். ரெண்டு விஷயம் அதுக்கு சொல்லித் தரணும், ஒண்ணு ஃப்ரேமோட உயரம் எத்தனை டிகிரி, இன்னொன்னு வானத்துல தோராயமா எந்தப் பக்கம். அந்த தோராயத்துல இருந்து சுருள் சுருளா வெளிய தேடிட்டு போகும், தோராயம் கிட்டக்க இருந்தா கண் சிமிட்டுற நேரத்துல முடிஞ்சிடும். உயரத்தை தப்பா கொடுத்தா நாள் முழுக்க தேடினாலும் கிடைக்காது, அதனால ரா ஃபைலை பாதி சைஸுக்கு குறைச்சு டீபேயர் பண்ற (கலர் படமா மாத்துற) ஆளுங்க பிக்சல் ஸ்கேல் டபுள் ஆகிடும்ங்கிறதை மறக்கக் கூடாது, ஆனா ஃப்ரேம் உயரம் மாறாது.

சென்னைக்காரனுக்கு ஆஸ்டாப் ஏன் முக்கியம்னு ஒரு விஷயம் சொல்றேன். நம்ம ஊரு அட்சரேகை 13 டிகிரி, அதனால துருவ நட்சத்திரம் அடிவானத்துல இருந்து வெறும் 13 டிகிரி உயரத்துல தான் நிக்கும், அதுவும் வடக்கே, அதாவது சிட்டியோட மொத்த புகை, லைட், அடுக்குமாடி எல்லாத்துக்கும் பின்னாடி. ட்ராக்கரோட அச்சு துருவத்தைப் பாத்து நிக்கணும், ஆனா என் மாடியில இருந்து அந்த நட்சத்திரத்தைப் பாத்து ட்ராக்கரை அலைன் பண்றதுங்கிறது நடக்காத காரியம். நினா மாதிரி கேமராவை கன்ட்ரோல் பண்ற ப்ரோகிராம்ல மூணு இடத்துல போட்டோ எடுத்து, மூணையும் ப்ளேட் சால்வ் பண்ணி, அச்சு எங்க பாக்குதுன்னு கணக்குப் போட்டு சொல்ற ப்ளக்இன் இருக்கு, துருவ நட்சத்திரம் கண்ணுல படவே வேண்டாம். அந்த வேலைக்கு உள்ள ஓட்டுறது ஆஸ்டாப் தான், மாடியில இன்டர்நெட் இல்லன்னாலும் பிரச்சனையில்ல. இந்த ஒரு யூசுக்கே 5க்கு 5 கொடுப்பேன், ஏன்னா இங்க ஒரு ஆர்க்மினிட் ரெண்டு ஆர்க்மினிட் தப்பு ஒண்ணும் பண்ணாது.

மே மாச ராத்திரியில மட்டும் கொஞ்சம் கவனம். ராத்திரி பதினொரு மணிக்கும் 30 டிகிரி சூடு, சென்சார் அதுக்கும் மேல சூடாகும், படம் முழுக்க ஹாட் பிக்சல், சாப்ட்வேருக்கு அதெல்லாம் நட்சத்திரம் மாதிரியே தெரியும். டார்க் ஃப்ரேமை (லென்ஸை மூடி எடுத்த படம்) கழிச்சிட்டு கொடுத்தா ஒழுங்கா சால்வ் ஆகும், ரொம்ப சின்ன புள்ளிகளை ஒதுக்கச் சொல்ற செட்டிங்கும் ஆஸ்டாப்ல இருக்கு, அதை என் மாதிரி பெரிய பிக்சல் ஸ்கேல் வச்சிருக்குறவங்க ரொம்ப ஏத்திட்டா நிஜ நட்சத்திரமும் போயிடும்.

அளவெடுக்குற வேலைக்கு வந்தா ஆஸ்டாப் மேல எனக்கு கொஞ்சம் மனக்குறை. சால்வ் ஆனதும் அடுத்த வேலைக்கு ஓடிடுற சுபாவம். டிஸ்டார்ஷனை காட்டுற மெனு உள்ள இருக்கு, லென்ஸ் கோணலை சிப் (SIP)ங்கிற முறைப்படி திருத்த நம்பர்களா ஹெட்டர்ல சேக்குற ஆப்ஷனும் இருக்கு, ஆனா எல்லாத்தையும் நாமளே தேடிப் போய் டிக் பண்ணணும். ஸ்க்ரீன் முழுக்க பட்டன், டேப்புக்குள்ள டேப், ரங்கநாதன் தெருவுல தீபாவளி சீசன்ல நுழைஞ்ச மாதிரி, தேடுனது எல்லாம் இருக்கும் ஆனா வெளிய வரும்போது களைச்சுப் போயிருப்போம்.

ஆஸ்ட்ரோமெட்ரி டாட் நெட் கதை வேற. டஸ்டின் லாங், டேவிட் ஹாக் எல்லாம் சேர்ந்து செஞ்சது, 2010ல பேப்பரா வந்துச்சு. அதுக்கு எந்தப் பக்கம்னும் சொல்ல வேண்டாம், எத்தனை டிகிரின்னும் சொல்ல வேண்டாம், போட்டோவை மட்டும் கொடுத்தா போதும், அதுவே கண்டுபிடிக்கும். எப்படின்னா நாலு நட்சத்திரத்தை எடுத்துக்கும், அதுல ரொம்ப தள்ளி இருக்குற ரெண்டை ரெண்டு மூலையா வச்சு ஒரு சட்டம் போடும், மீதி ரெண்டு அந்த சட்டத்துக்குள்ள எங்க விழுதுன்னு பாத்தா நாலு நம்பர் கிடைக்கும். படத்தைத் திருப்பு, பெருசாக்கு, சின்னதாக்கு, நகர்த்து, அந்த நாலு நம்பர் மாறவே மாறாது. மொத்த வானத்துக்கும் இந்த மாதிரி நாலு நாலா கணக்குப் போட்டு வச்சது தான் இன்டெக்ஸ் ஃபைல். உங்க படத்துல இருந்து வந்த நம்பரை அதுல தேடி, கிடைச்ச இடத்துல மத்த நட்சத்திரமெல்லாம் பொருந்துதான்னு சரி பாத்து, இது சரிங்கிறதுக்கு 100 கோடிக்கு 1ன்னு பந்தயம் கட்டுற அளவுக்கு நம்பிக்கை வந்தா தான் சால்வ்டுன்னு சொல்லும், டீஃபால்ட்டே அது தான். அதனால தப்பான இடத்தை சொல்றது ரொம்ப ரொம்ப அபூர்வம். தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடும், இந்த குணம் எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு.

வெப்சைட்டுல அப்லோட் பண்ணிப் பாக்குறது ஈஸி, ஒரு ஜேபெக் போதும், நடுப்புள்ளி, பிக்சல் ஸ்கேல், எந்தப் பக்கம் திரும்பி இருக்கு எல்லாம் வந்துடும். உங்க படம் எல்லாருக்கும் தெரியணுமா வேண்டாமான்னு அட்வான்ஸ்டு செட்டிங்ல ஒரு கேள்வி இருக்கும், வேண்டாம்னா அங்கயே மாத்திக்கோங்க. ஆனா நிறைய ஃப்ரேம் இருக்குறவங்க லோக்கலா போட்டுக்குறது தான் புத்திசாலித்தனம். உபுண்டுல ஒரே கமாண்டுல இன்ஸ்டால் ஆகும், விண்டோஸ்காரங்க உள்ளுக்குள்ள ஒரு லினக்ஸை போட்டு ஓட்டணும், இல்லன்னா அன்சர்வர்னு அதுக்குன்னே கட்டி வச்ச ஒண்ணு இருக்கு. இன்டெக்ஸ் ஃபைல் விஷயத்துல மட்டும் பேராசை வேண்டாம், உங்க ஃப்ரேம் அகலத்துல பத்துல ஒரு பங்குல இருந்து முழு அகலம் வரைக்கும் உள்ள அளவுகள் போதும். எனக்கு 4107ல இருந்து 4113 வரைக்கும் எடுத்தேன், சில நூறு எம்பிக்குள்ள முடிஞ்சது. குட்டி ஃபீல்டுக்கான 4200, 5200 சீரிஸ் எல்லாம் பல ஜிபி, நைட் டேட்டா பேக் இருந்தா பாத்துக்கோங்க.

இப்போ நான் ஏன் இதை முதல் இடத்துல வைக்கிறேன்னு சொல்றேன். சால்வ்-ஃபீல்ட்ங்கிற அதோட கமாண்ட் ஓடி முடிஞ்சதும் ஒரு கூட்டம் ஃபைலை போட்டு வைக்கும், பல பேர் அதையெல்லாம் குப்பைன்னு டெலிட் பண்ணிடுறாங்க. அதுல கார்னு (corr) முடியுற ஒரு ஃபைல் தான் தங்கம். எந்தெந்த நட்சத்திரம் கேட்டலாக்ல எதோட பொருந்துச்சு, படத்துல அது எந்த பிக்சல்ல இருந்துச்சு, கேட்டலாக் படி எந்த பிக்சல்ல இருந்திருக்கணும்னு டேபிளா இருக்கும். ரெண்டுத்துக்கும் உள்ள வித்தியாசத்தை படத்து மேல குட்டி குட்டி அம்புக்குறியா வரைஞ்சு பாருங்க, பத்து வரி பைத்தான் தான். நடுவுல அம்பு எல்லாம் சின்னதா எந்தப் பக்கம் வேணாலும் பாத்துட்டு இருந்தா நல்ல ஃபிட். மூலையில எல்லா அம்பும் ஒரே மாதிரி வெளிய பாத்து நீண்டு நின்னா லென்ஸ் கோணலை சரியா பிடிக்கலன்னு அர்த்தம். டீஃபால்ட்டா ரெண்டாவது ஆர்டர் சிப் போடுது, லென்ஸ் வச்சு எடுக்குறவங்களுக்கு மூணாவது ஆர்டர் போட்டா தான் மூலை அடங்குது, ஏன்னா லென்ஸோட பீப்பாய் கோணல் மூணாவது ஆர்டர் சமாச்சாரம். அதுக்குன்னு அஞ்சு ஆறுன்னு ஏத்தாதீங்க, மூலையில பொருந்துன நட்சத்திரம் பத்து தான் இருந்தா பாலினாமியல் இஷ்டத்துக்கு ஆடும்.

நம்ம ஊருல இருந்து தெற்கு வானம் எடுக்குறவங்களுக்கு இன்னொரு சிக்கல். ஒமேகா செண்டாரி உச்சியில இருக்கும்போதே 29 டிகிரி உயரம் தான், ஈட்டா கரைனா வெறும் 17 டிகிரி. அவ்ளோ தாழ்வுல காத்து ஒளியை வளைக்கிறது அதிகம், அதுவும் ஃப்ரேமோட மேல் பக்கம் ஒரு அளவு கீழ்ப் பக்கம் ஒரு அளவு. 17 டிகிரியில என் நாலு டிகிரி ஃப்ரேம் மொத்தமும் மேலிருந்து கீழா முக்கால் ஆர்க்மினிட் நசுங்கி இருக்கும், பன்னிரண்டு பிக்சல்! நல்ல செய்தி என்னன்னா இதுல பெரும்பகுதி நேர்கோட்டு நசுக்கல், அதை சிடி மேட்ரிக்ஸே விழுங்கிடும், ஒரு பக்கம் ஸ்கேல் 3.84, இன்னொரு பக்கம் கொஞ்சம் கூடன்னு வரும், அதைப் பாத்து பயப்பட வேண்டாம். ஆனா தலைக்கு மேல எடுத்த படத்துக்கு வந்த மேட்ரிக்ஸை கொண்டு வந்து தெற்கு படத்துக்கு ஒட்ட வைக்கக் கூடாது, ஒவ்வொரு ஃபீல்டுக்கும் தனியா சால்வ் பண்ணணும்.

இடையில காசு கொடுத்து வாங்குன ஒரு ப்ரோகிராமும் போட்டுப் பாத்தேன், பேரு வேண்டாம். பளபளன்னு இருக்கும், டார்க் தீம், சால்வ் ஆனதும் பச்சை கலர்ல டிக் வரும், நெபுலா பேரெல்லாம் படத்து மேல அழகா எழுதும். மூலையில ஒரு நட்சத்திரத்துக்கு அது சொன்ன ஆர்ஏ டெக்கை கேட்டலாக்கோட ஒப்பிட்டுப் பாத்தா 20 ஆர்க்செகண்டுக்கு மேல தள்ளி நிக்குது, ஹெட்டரைத் திறந்து பாத்தா சிப் இல்ல ஒண்ணும் இல்ல, வெறும் நாலு நம்பர். சப்போர்ட்டுக்கு எழுதிக் கேட்டா உங்க லென்ஸ் சரியில்லன்னு பதில் வருது. லென்ஸ் சரியில்லங்கிறது எனக்கும் தெரியும் சார், அதை அளந்து சொல்லத் தானே உங்களுக்கு காசு.

சால்வ் முடிஞ்சது, ஹெட்டர் கிடைச்சது, இனிமே நம்ம பிக்சலைக் கொடுத்து ஆர்ஏ டெக் வாங்கணும், அதுக்கு ஆஸ்ட்ரோபை. பைத்தான் லைப்ரரி, உள்ள காலபிரட்டாவோட டபிள்யூசிஎஸ்லிப் தான் வேலை செய்யுது, பேப்பர் எழுதுனவரே எழுதுன கோட், அதனால கணக்குல சந்தேகமே வேண்டாம். சந்தேகம் எல்லாம் நாம கொடுக்குற நம்பர்ல தான். ஃபிட்ஸ் உலகத்துல முதல் பிக்சலோட நடு 1, பைத்தான்ல 0. டிஎஸ்9ங்கிற ஃபிட்ஸ் வியூவர்ல மவுஸை வச்சு படிச்ச பிக்சல் 1ல ஆரம்பிக்குற கணக்கு, அதை அப்படியே பைத்தான்ல கொடுத்தா ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பிக்சல் தள்ளிப் போகும், என் ஸ்கேல்ல குறுக்கா அஞ்சு ஆர்க்செகண்டுக்கு மேல. ஆஸ்ட்ரோபையோட பழைய ஃபங்ஷன் ஆல்-பிக்ஸ்-டு-வேர்ல்ட் இதை நம்ம கிட்டயே கேக்கும், 0வா 1ஆன்னு சொல்லாம விடாது, அந்த பிடிவாதம் நல்லது. புதுசா இருக்குற பிக்சல்-டு-வேர்ல்ட் கேக்காது, 0ன்னே எடுத்துக்கும்.

அதே மாதிரி டபிள்யூசிஎஸ்-பிக்ஸ்-டு-வேர்ல்டுன்னு இன்னொரு ஃபங்ஷன், பேரு கிட்டத்தட்ட ஒண்ணு, ஆனா அது கோணலை கணக்குல எடுக்கவே எடுக்காது, சிப் போட்டு கஷ்டப்பட்டதெல்லாம் வீண். ஆல்னு ஆரம்பிக்கிறது தான் எல்லாத்தையும் சேக்கும். இது நெட்ல காப்பி பேஸ்ட் பண்றவங்களுக்கு கண்டிப்பா மாட்டும். ஹெட்டர்ல சிப் நம்பர் இருந்து சிடைப்ங்கிற வரியில சிப்னு எழுதலன்னா ஆஸ்ட்ரோபை ஒரு நீளமான மெசேஜ் போடும், எரிச்சலா இருந்தாலும் அதைப் படிங்க, எந்த சாப்ட்வேர் ஹெட்டரை அரைகுறையா எழுதுச்சுன்னு அதுல தெரிஞ்சிடும். ஆர்ஏ டெக் கொடுத்து பிக்சல் வாங்குறது தலைகீழ் வேலை, கோணலுக்கு நேரா தலைகீழ் ஃபார்முலா இல்லாததால திரும்பத் திரும்ப போட்டுப் பாத்து தான் கண்டுபிடிக்கும், ஃப்ரேமுக்கு ரொம்ப வெளிய இருக்குற இடத்தைக் கேட்டா கன்வர்ஜ் ஆகலன்னு கைய விரிச்சிடும்.

இன்னொரு குழப்பம் மேல கீழ. ஃபிட்ஸ்ல வழக்கமா முதல் வரிசை கீழ இருக்கும், ஜிம்ப், போட்டோஷாப்ல மேல. ஜேபெக்கை திறந்து ஒய் இவ்ளோன்னு படிச்சு, உயரத்துல இருந்து கழிக்காம ஃபிட்ஸ் ஹெட்டர் கணக்குல போட்டா படத்தோட எதிர்ப் பக்க ஆர்ஏ டெக் வரும். சில சாப்ட்வேர் மேலிருந்து கீழாவே ஃபிட்ஸ் எழுதிட்டு ரோஆர்டர்னு ஹெட்டர்ல ஒரு குறிப்பு வைக்கும், அதை எல்லா ப்ரோகிராமும் மதிக்கிறதில்ல. சிடி மேட்ரிக்ஸோட டிடெர்மினண்ட் நெகட்டிவா பாசிட்டிவான்னு பாத்தா படம் புரண்டு இருக்கான்னு உடனே தெரிஞ்சிடும், நேரா இருக்குற படத்துக்கு நெகட்டிவ், ஏன்னா வானத்துல வடக்கை மேல வச்சா கிழக்கு இடது பக்கம். அப்புறம் பல படத்தை ஒண்ணா ஸ்டாக் பண்ணிட்டு ஓரத்தை க்ராப் பண்ணா சிஆர்பிக்ஸும் நகரணும், டிஃப்பா சேவ் பண்ணா ஹெட்டரே போயிடும், அதனால எல்லா வெட்டு ஒட்டும் முடிச்சிட்டு கடைசியா ஒரு தரம் சால்வ் பண்றது தான் தலைவலி இல்லாத வழி.

சரி பாக்குறது எப்படி? கண்ணால பாக்க அலாடின் இருக்கு, ஸ்ட்ராஸ்பூர்க்ல இருந்து வர்ற ஃப்ரீ சாப்ட்வேர், உங்க படத்தை ஏத்தி அது மேல கையா கேட்டலாக்கை (ஐரோப்பிய விண்கலம் அளந்த நட்சத்திரப் பட்டியல்) போட்டா ஒவ்வொரு நட்சத்திரத்து மேலயும் ஒரு குறி உக்காரும், நாலு மூலையையும் ஜூம் பண்ணிப் பாருங்க, நடுவுல பாக்குறது வேஸ்ட், நடுவுல எப்பவும் நல்லா தான் இருக்கும். கையா மூணாவது ரிலீஸ் 2022 ஜூன்ல வந்துச்சு, 180 கோடி நட்சத்திரம், எல்லாம் 2016ம் வருஷ நிலைக்கு. பெர்னார்டு நட்சத்திரம் மாதிரி வருஷத்துக்கு 10 ஆர்க்செகண்ட் ஓடுறது மட்டும் குறியை விட்டு தள்ளி நிக்கும், அது உங்க சால்வோட தப்பு இல்ல.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லாம இருக்க முடியல. இதே ஊருல நுங்கம்பாக்கத்துல 1792ல கட்டுன மெட்ராஸ் அப்சர்வேட்டரியில இருந்து டெய்லர்னு ஒருத்தர் 11,000க்கும் மேல நட்சத்திரங்களோட இடத்தை ஒவ்வொண்ணா அளந்து 1844ல கேட்டலாக் போட்டார், நட்சத்திரம் உச்சிக்கோட்டை கடக்குற நேரத்தை கடிகாரம் வச்சுப் பாத்து. போக்சன் 1861ல ஏசியாங்கிற குறுங்கோளை அங்க இருந்தே கண்டுபிடிச்சார். இப்போ அந்த காம்பவுண்டு வானிலை ஆய்வு மையம் கையில, அப்போ கருவியைத் தாங்குன கல் தூண் இன்னும் அங்க நிக்குது. புயல் சமயத்துல டிவியில மைக்கை நீட்டுறாங்களே, அதே ஆபீஸ்.

குறுங்கோள் டெஸ்டுக்கு வர்றேன். வெஸ்டாவோட பிக்சல் சென்டரை எடுத்து, ஆஸ்ட்ரோபையில ஆர்ஏ டெக்கா மாத்தி, நாசாவோட ஜேபிஎல் ஹொரைசன்ஸ் சொல்ற இடத்தோட ஒப்பிட்டா ஆஸ்ட்ரோமெட்ரி டாட் நெட் மூணாவது ஆர்டர் சிப் ஹெட்டர்ல ஒரு ஆர்க்செகண்ட் ரேஞ்சுல பொருந்துது, கால் பிக்சல், இந்த வானத்துக்கும் இந்த லென்ஸுக்கும் அது ரொம்ப ரொம்ப நல்ல ரிசல்ட். ஆஸ்டாப்ல சிப் டிக் பண்ணி எடுத்தா நடுவுல அதே அளவு, ஓரத்துல கொஞ்சம் பின்னாடி. ஆனா ஒப்பிடும்போது சில விஷயம் ஒழுங்கா இருக்கணும். ஹொரைசன்ஸ் யூடி, அதாவது கிரீன்விச் நேரம் கேக்கும், கேமரா நம்ம நேரத்துல இருக்கும், அஞ்சரை மணி நேரம் கழிக்காம விட்டா வெஸ்டா மூணு ஆர்க்மினிட்டுக்கு மேல தள்ளி இருக்கும், அதுக்கு சாப்ட்வேரை திட்டக் கூடாது. இடத்தை பூமியோட நடுன்னு விடாம சென்னையோட அட்சரேகை தீர்க்கரேகை கொடுக்கணும், வெஸ்டா அடிவானத்துக்கிட்ட இருந்தா அதுலயே ஆறேழு ஆர்க்செகண்ட் வரைக்கும் வித்தியாசம் வரும், தலைக்கு மேல இருந்தா அவ்ளோ தெரியாது. லிஸ்ட்ல அப்பேரண்ட்னு ஒண்ணு அஸ்ட்ரோமெட்ரிக்னு ஒண்ணு இருக்கும், ரெண்டாவது தான் வேணும்.

ஏன்னா ப்ளேட் சால்வ் தர்றது எல்லாம் ஜே2000 சட்டத்துல, அதாவது ஆர்ஏ டெக் கோடுகள் 2000ம் வருஷத்துல இருந்த நிலைக்கு. பூமியோட அச்சு மெதுவா சுத்துறதால அந்தக் கோடுகளோட ஆரம்பப் புள்ளி வருஷத்துக்கு 50 ஆர்க்செகண்ட் நகருது, 25 வருஷத்துல 21 ஆர்க்மினிட், நிலாவோட அகலத்துல சுமார் மூணுல ரெண்டு பங்கு. டெலஸ்கோப்பைத் திருப்புற மவுண்டோட ரிமோட்ல காட்டுற நம்பர் இன்னைக்கு தேதிக்கானதா இருந்தா ரெண்டும் ஒத்துப்போகாது, பெரம்பூர் நண்பர் ஒருத்தர் இந்த கேப்பை வச்சே மவுண்ட் ரிப்பேர்னு சர்வீஸுக்கு அனுப்பற அளவுக்கு போயிட்டார், செட்டிங்ல ஜே2000ன்னு மாத்துனதும் சரியாச்சு.

மார்க் போடணும்னா ஆஸ்ட்ரோமெட்ரி டாட் நெட் லோக்கல் 5க்கு 4.5, அரை மார்க் குறைச்சது விண்டோஸ்காரங்களை சுத்தல்ல விடுறதுக்கு. ஆஸ்ட்ரோபை 5க்கு 4.5, டாக்குமென்டேஷன் ஏற்கெனவே தெரிஞ்சவங்களுக்காக எழுதுன மாதிரி இருக்கு. ஆஸ்டாப் மாடியில அலைன்மெண்டுக்கு 5, அளவெடுக்க 3.5. கோடிங்கே வேண்டாம்னு சொல்றவங்க ஆஸ்டாப்புல சால்வ் பண்ணி அலாடின்ல பாத்துக்கோங்க, அதுலயே நிறைய வேலை நடக்கும். மூணையும் முதல் தரம் போட்டுப் பாக்க அக்டோபர் டிசம்பர் மழை சீசன் தான் சரியான நேரம், வானம் எப்படியும் கிடைக்காது, பழைய ஜேபெக் எதையாவது எடுத்து, கார் ஃபைலைத் திறந்து, மூலை அம்புகள் எந்தப் பக்கம் பாக்குதுன்னு மட்டும் முதல்ல பாருங்க.